இரண்டு முறை எண்ணிய அரிசி

"அரிசியை எண்ண முடியாதுன்னு எவன் சொன்னான் டீச்சர்?" என்று கேட்டார் தளவாய்.

ஜெபக்கனி அவருடைய நோட்டைத் திருப்பி அவர் பக்கமாக வைத்தாள். ஒரு சொல்லின் கடைசி எழுத்துகளை மட்டும் சிவப்பு மையால் அடித்திருந்தாள்.

"தனியா யாரும் சொல்லலை அண்ணாச்சி. ரைஸ்னா ரைஸ்தான். ரைசஸ்னு எழுதக் கூடாது."

"ஒரு மூட்டை இருந்தா?"

"ரைஸ்."

"நாப்பது மூட்டை இருந்தா?"

"அப்பவும் ரைஸ்தான்."

தளவாய் நோட்டைப் பார்த்தார். டீச்சரைப் பார்த்தார். திரும்பிக் கதவையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"இதுல ஏதோ இருக்கு," என்றார்.

*

தென்காசிக்குப் பக்கத்தில் ஒரு சிறிய ஊர். சைக்கிள் கடைக்கு மேலே ஒற்றை அறை. அங்கேதான் ஜெபக்கனி இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தாள்.

அவளுக்கு இருபத்தெட்டு வயது. கேட்டால் பேசுவாள். கேட்காவிட்டால் பார்த்துக்கொண்டிருப்பாள்.

தளவாய்க்கு ஐம்பத்தொன்பது. முப்பத்தொரு வருடம் அரிசி மண்டியில் இருந்தவர். இப்போது மலையடி மடத்தில் உக்கிராணம் பார்க்கிறார். மடத்தில் தினமும் மதியம் அறுபது பேருக்கு அன்னதானம். அதற்கான அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் உக்கிராண அறையில் இருக்கும். அறைக்கு ஒரே சாவி. அது தளவாயின் அரைஞாண் கயிற்றில் இருக்கும்.

மூன்று மாதமாக ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அவர் படியேறி வருகிறார். மற்றவர்கள் வேலைக்காகவோ வெளிநாட்டுக்காகவோ படித்தார்கள். தளவாய் ஒரு கடிதத்துக்காகப் படித்தார்.

முதல் நாளே கேட்டார். "திருட்டுன்னு இங்கிலீஷ்ல எப்படி எழுதணும்?"

"எதுக்கு அண்ணாச்சி?"

"எழுதத்தான்."

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விஷயம் வெளியே வந்தது. மடத்தின் அறங்காவலர் தென்னாப்பிரிக்காவில், டர்பனில் பிறந்தவர். தமிழ் பேசுவார், வாசிக்க வராது. வருடத்துக்கு ஒரு தடவை வருவார். அன்னதானச் சாமானில் கை வைத்தவர் அன்றைக்கே மடத்தைவிட்டு வெளியேற வேண்டும். அவர் வைத்த விதி அது ஒன்றுதான்.

உக்கிராணத்தில் அரிசி குறைகிறது.

"இதை யாரையாவது எழுதச் சொல்லியிருக்கலாமே. மூணு மாசம் படிக்கணுமா?" என்று கேட்டாள் ஜெபக்கனி.

"எழுதித் தாறவன் என்ன எழுதுதான்னு எனக்கு எப்படித் தெரியும்? என் பேரையே எழுதிக் கொடுத்துட்டான்னா?"

அவள் சிரிக்கவில்லை. அவரும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

*

கரும்பலகையில் அவள் நடுவே ஒரு கோடு போட்டிருந்தாள். இடது பக்கம் மூட்டை, படி, சாவி, பானை. இவை எண்ணக்கூடியவை. வலது பக்கம் எண்ண முடியாதவை. அரிசி, உப்பு, தண்ணீர், எண்ணெய், மணல், தலைமுடி, செய்தி.

தளவாய் வலது பக்கத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தலைமுடி கூடவா?"

"ஆமா."

அவர் தோள்துண்டால் தலையைத் துடைத்துக்கொண்டார். வழுக்கை பளபளத்தது.

"எனக்கு எண்ணிரலாம். பதினேழு."

பின் வரிசையில் உட்கார்ந்திருந்த பெண்கள் சிரித்தார்கள். ஜெபக்கனியும் சாக்பீஸ் கையால் வாயை மறைத்துக்கொண்டாள்.

"செய்தியுமா?"

"செய்தியும்தான்."

"இன்னைக்குக் காலைல டீக்கடைல மூணு செய்தி கேட்டேன். மூணும் பொய். எண்ணித்தானே சொல்லுதேன்?"

"நம்ம எண்ணுவோம் அண்ணாச்சி. இங்கிலீஷ் எண்ணாது."

"எண்ணாதா, எண்ண விடாதா?"

அவள் பாடப் புத்தகத்தைப் புரட்டினாள். அதில் இதற்குப் பதில் இல்லை.

"நான் சொல்லுதேன் கேளுங்க," என்றார் தளவாய். குரலைத் தாழ்த்தினார். "இதை எண்ண முடியாதுன்னு முதமுதல்ல ஒருத்தன் சொல்லியிருப்பான்லா? அவன் யாரா இருப்பான்? எடுத்துத் தின்னவனாத்தான் இருப்பான். தின்னவனுக்கு எண்ணிக்கை ஆகாது."

வகுப்பு முடிந்தது. மற்றவர்கள் இறங்கிப் போனார்கள். தளவாய் போகவில்லை.

மேஜை ஓரம் ஜெபக்கனி கடையில் வாங்கிய அரிசிப் பை இருந்தது. இரண்டு கிலோ. வீட்டுக்குப் போகும்போது தூக்கிச் செல்ல வைத்திருந்தாள். தளவாய் அதன் வாயைப் பிரித்தார். கேட்கவில்லை. மூன்று விரலால் எடுத்துப் பல்லுக்கிடையில் போட்டார்.

"என்ன விலைக்கு வாங்குனீங்கன்னு கேக்கல. பழைய அரிசின்னு சொன்னானா?"

"ஆமா."

"புது அரிசி. அறுத்து நாலு மாசம்கூட ஆகலை. குழைஞ்சு போகும். பழசுன்னா பல்லுல நறுக்குன்னு ஒடையும், இது மாவாப் போகுது. தண்ணியைக் குறைச்சு வைங்க."

அவள் அன்றைக்குத் தண்ணீரைக் குறைத்து வைத்தாள். அப்படியும் குழைந்துதான் போனது.

அரிசி விஷயத்தில் அவர் தவறியதில்லை என்று தெரிந்துகொண்டாள். வேறொன்றையும் அன்றிலிருந்து கவனிக்க ஆரம்பித்தாள்.

*

மடத்தில் பதினொரு வருடமாகச் சமைப்பவள் உலகம்மாள்.

அடுக்களைக்குப் பின்னால் ஓர் அறை. அதில் அவளும் மகளும் இருந்தார்கள். மகள் நர்சிங் முதல் வருடம். வேலை இருக்கும்வரை அறை. அறை இருக்கும்வரை மகளின் படிப்பு.

காலை எட்டு மணிக்கு அவள் உக்கிராண வாசலில் வந்து நிற்பாள். உள்ளே வர மாட்டாள். வரக் கூடாது என்று தளவாய் ஒரு கோடு போட்டிருந்தார்.

அரிசி இருந்தது பெரிய மரப்பெட்டியில். தளவாய்க்கு ஒரு வழக்கம் உண்டு. அளந்து முடித்ததும் மிச்ச அரிசியின் மேல்பரப்பைத் தட்டிச் சமமாக்குவார். நடுவில் வலது உள்ளங்கையை அழுத்தி எடுப்பார். ஐந்து விரலும் பதியும். பிறகுதான் மூடியைப் போடுவார். யாராவது கை வைத்தால் முத்திரை கலைந்துவிடும்.

அன்றைக்கு மூடியைத் தூக்கினார். முத்திரை அப்படியே இருந்தது. குனிந்து மோந்து பார்த்தார். மூன்று விரலால் அள்ளிக் கடித்துப் பார்த்தார். ஈரம் ஏறவில்லை. படியை எடுத்து அளந்தார். தட்டிச் சமமாக்கினார். கையை அழுத்தினார்.

"அண்ணாச்சி," என்றாள் உலகம்மாள் வாசலிலிருந்து. "அரிசி என்ன ஆதார் கார்டா? தினமும் கைரேகை வைக்கீங்க?"

"வைக்கறவனுக்குத் தெரியும் எதுக்குன்னு."

"என் கையையும் ஒரு நாள் வச்சுப் பாக்கட்டா?"

"நீ வச்சிருப்பே. வச்சது தெரியாம அழிச்சும் இருப்பே."

அவள் சிரிப்பு நின்றது.

"என்ன சொல்லுதீங்க?"

"நான் ஒண்ணும் சொல்லலை. எழுதப்போறேன்."

"எழுதுங்க. நல்லா எழுதுங்க. உலை கொதிக்குது, மொதல்ல அரிசியைத் தாங்க."

அவர் தந்தார். தரும்போது அவள் கையைப் பார்த்தார். முந்தானையைப் பார்த்தார். அவள் திரும்பி நடக்கும்போது இடுப்பில் எதுவும் கனக்கிறதா என்று பார்த்தார்.

சிரித்தால் சந்தேகப்பட்டார். சிரிக்காமல் போனதில் சந்தேகம் கூடியது.

பத்து மணிக்குப் பருப்புக்காகக் கதவைத் திறந்தவர் அரிசிப் பெட்டியையும் திறந்து பார்த்தார். முத்திரை இருந்தது. பதினொன்றரைக்கு எண்ணெய்க்காகத் திறந்தபோதும் பார்த்தார். அப்போதும் இருந்தது. மதியம் கொஞ்சம் கண் அசந்துவிட்டு, சாவியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஓடிப்போய்த் திறந்து பார்த்தார்.

ஒவ்வொரு தடவையும் முத்திரை கலையாமல் இருந்தது. ஒவ்வொரு தடவையும் பெட்டியை மூடுமுன் புதிதாக ஒன்று வைத்தார்.

ஒரு நாளைக்கு இருபது தடவையாவது அந்த மூடி திறந்து மூடும்.

மாதக் கடைசியில் நிறுத்துப் பார்த்தால் மூன்று கிலோ குறையும்.

*

"எலியா இருக்குமோ?" என்று கேட்டாள் ஜெபக்கனி.

அடுத்த ஞாயிறு. மற்றவர்கள் போன பிறகு தளவாய் தன் கடிதத்தை விரித்து வைத்திருந்தார்.

"எலின்னா புழுக்கை கிடக்கும். மூட்டையில பல்லு தெரியும். பொறி வச்சும் பாத்துட்டேன். எலி இல்லை."

"காய்ஞ்சு எடை குறையுமே?"

"நான் மண்டியில இருந்தவன் டீச்சர். காயறது எவ்வளவுன்னு எனக்குத் தெரியும். அது போகத்தான் மூணு கிலோ. மாசா மாசம் மூணு. கூடறதும் இல்லை, குறையறதும் இல்லை. பழகின கை அது."

"எல்லா மாசமுமா?"

"கார்த்திகை மாசம் மட்டும் ரெண்டு கிலோ."

ஜெபக்கனி பேனாவைக் கீழே வைத்தாள்.

"கார்த்திகையில என்ன?"

"எனக்குக் காய்ச்சல். பத்து நாள் வீட்டுல கிடந்தேன். சாவி மேனேஜர்கிட்ட இருந்துச்சு. அவருக்கு அரிசின்னா சோறுதான் தெரியும், வேற ஒண்ணும் தெரியாது. அப்ப இன்னும் கூடல்லா போயிருக்கணும்? குறைஞ்சிருக்கு. ஏன்?"

"ஏன் அண்ணாச்சி?"

"ஆள் மாறினதும் கை பயந்திருக்கு."

சொல்லிவிட்டு அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தார். மடத்துக்கு வரப்போகும் புது மூட்டையின் மாதிரி அரிசி அது. மண்டியிலிருந்து கொடுத்தனுப்பியிருந்தார்கள். உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தார். வெளிச்சத்தில் காட்டினார். வாயில் போட்டார்.

"குருணை அதிகம்," என்றார் மென்றபடி. "இவனும் ஏமாத்துதான்."

ஜெபக்கனி அவர் வாயைப் பார்த்தாள். பொட்டலத்தைப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, நீங்க..." என்று ஆரம்பித்தாள்.

"என்ன?"

அவர் அவளுடைய அப்பாவைவிட மூத்தவர். கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். யார் சொன்னாலும், சொன்னவர் எதற்குச் சொன்னார் என்று யோசிக்கிற பார்வை.

"ஒண்ணுமில்லை," என்றாள்.

"இல்ல, ஏதோ சொல்ல வந்தீங்க."

"அந்த அம்மாவுக்குப் போறதுக்கு வேற இடம் இருக்கான்னு கேக்க வந்தேன்."

தளவாயின் முகம் இறுகியது.

"உங்களுக்கு அவளைத் தெரியுமா?"

"தெரியாது."

"பாத்திருக்கீங்களா?"

"இல்லை."

"பெறகு எதுக்குக் கேக்கீங்க?"

அவள் கடிதத்தை எடுத்து வாசிக்க ஆரம்பித்தாள்.

தளவாயும் கூடவே வாசித்தார். அவள் விரல் எந்தச் சொல்லின்மேல் நிற்கிறது, எந்தச் சொல்லைத் தாண்டிப் போகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ரைசஸ்னு மறுபடியும் எழுதியிருக்கீங்க," என்றாள்.

"வேணும்னுதான் எழுதினேன். ரைஸ்னு எழுதினா மொத்தமா ஏதோ அரிசின்னு அவர் விட்டுருவார். ரைசஸ்னு எழுதினாத்தான் ஒவ்வொரு மணியும் எண்ணி வச்சதுன்னு தெரியும்."

"தப்பு அண்ணாச்சி."

"எண்ண முடியும். நான் எண்ணிக் காட்டுதேன்."

ஜெபக்கனி நிமிர்ந்தாள்.

அவள் குரல் எப்போதும் சின்னதுதான். இப்போது இன்னும் சின்னதாக இருந்தது.

"சரி. எண்ணிக் காட்டுங்க."

*

"ஒரு பிடி போதும்," என்றாள். "ரெண்டு தடவை எண்ணுங்க. ரெண்டு தடவையும் ஒரே எண் வந்தா, நீங்க எழுதின மாதிரியே இந்தக் கடிதம் போகும். ரைசஸ்னே இருக்கட்டும். நானே என் கம்ப்யூட்டர்ல அடிச்சு இன்னைக்கே அனுப்புதேன்."

"வராட்டா?"

"யார் எடுத்தாங்கன்னு நீங்க கண்டுபிடிச்சுச் சொல்லணும்."

"அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான்."

தளவாய் யோசித்தார். இதில் எங்கே பள்ளம் இருக்கிறது என்று தேடினார்.

"உங்க அரிசி வேண்டாம்," என்றார். "என் பொட்டலத்துலேருந்துதான் எடுப்பேன்."

"எடுங்க."

"ஒரு தாம்பாளம் வேணும்."

அவள் மதியச் சாப்பாட்டுக்கு வைத்திருந்த எவர்சில்வர் தட்டைத் தந்தாள். அவர் அதைத் திருப்பிப் பார்த்தார். அடியில் ஓட்டை இல்லை. துண்டால் துடைத்தார்.

"ஜன்னலைச் சாத்தணும். காத்து வரும்."

அவள் சாத்தினாள்.

"மின்விசிறி?"

அணைத்தாள்.

"நீங்க வெளியே இருக்கணும்."

"படியில உக்காந்திருக்கேன்."

"படியிலன்னா, கடைசிப் படியில."

"சரி அண்ணாச்சி."

அவர் பொட்டலத்திலிருந்து பிடி நிறைய எடுத்துத் தட்டில் வைத்தார். மிச்சத்தைப் பொட்டலமாகவே மடித்து, அவளிடமே கொடுத்துவிட்டார். தன் பையிலிருந்து அரிசி சேர்ந்துவிட்டது என்று நாளைக்கு யாரும் சொல்லக் கூடாது.

கதவைச் சாத்தினார். உள்ளே தாழ் போடும் சத்தம் கேட்டது. தாழ் விழுந்திருக்கிறதா என்று இழுத்துப் பார்க்கும் சத்தமும் கேட்டது.

*

ஜெபக்கனி கடைசிப் படியில் உட்கார்ந்தாள்.

கீழே சைக்கிள் கடையில் ஒருவர் டியூபைத் தண்ணீரில் முக்கி ஓட்டை தேடிக்கொண்டிருந்தார். ஞாயிறு காலை. தெருவில் ஆள் குறைவு.

கதவுக்கடியில் இருந்த இடைவெளி வழியாக எண்ணும் குரல் படிவரை கேட்டது. பத்துப் பத்தாக எண்ணினார். நூறு வந்ததும் ஒரு தீக்குச்சியை எடுத்து வைப்பார் போலிருக்கிறது. குச்சி மேஜையில் விழும் சத்தம் வந்தது.

குரல் சீராகப் போனது. இடையிடையே நின்றது. பிறகு தொடர்ந்தது.

நிற்கும்போதெல்லாம் ஒரு சின்னச் சத்தம் கேட்டது. எலி எதையோ கொறிப்பதுபோல.

அவள் மடியில் கையைக் கோத்துக்கொண்டாள்.

முக்கால் மணி நேரம் கழித்து மேலேயிருந்து குரல் வந்தது.

"ரெண்டாயிரத்து நூத்தி நாப்பது. எழுதிக்கிடுங்க."

அவள் உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டாள்.

மறுபடியும் எண்ணும் குரல். மறுபடியும் இடையில் நிற்பது. இந்தத் தடவை அதிகமாகவே நின்றது. கவனமாக எண்ணுகிறார் என்று அவளுக்குப் புரிந்தது. மண்டியில் எடை பார்க்கும்போதும், மூட்டை இறக்கும்போதும், பேரம் படியும்வரை காத்திருக்கும்போதும் அவர் இப்படித்தான் நின்றிருப்பார். முப்பத்தொரு வருடம்.

குரல் நின்றது.

பிறகு நாற்காலி நகர்ந்தது. மேஜை நகர்ந்தது. தரையில் யாரோ தவழ்வது போலிருந்தது.

"டீச்சர்," என்றார் தளவாய். "மேல வாங்க."

*

கதவு திறந்திருந்தது. அவர் தரையில் உட்கார்ந்திருந்தார். வேட்டி மடிப்பையெல்லாம் உதறியிருந்தார். சட்டைப் பை வெளியே இழுக்கப்பட்டுத் தொங்கியது.

"எவ்வளவு வந்துச்சு?" என்று கேட்டாள்.

"ரெண்டாயிரத்து நூத்திப் பதினேழு."

அவள் உள்ளங்கையைப் பார்த்தாள்.

"இருபத்திமூணு குறையுது," என்றாள்.

"எனக்குத் தெரியாதா? இருபத்திமூணு."

அவர் எழுந்து தட்டைச் சுற்றி வந்தார்.

"எறும்பு இல்லை. பாத்துட்டேன். கீழே விழலை, தரையெல்லாம் தடவிட்டேன். தட்டுக்கடியில இல்லை. மேல ஒரு பல்லி இருக்கு."

இருவரும் மேலே பார்த்தார்கள். பல்லி இருந்தது.

"அது எறங்கலை," என்றார் தளவாய். "எறங்கினா எனக்குத் தெரிஞ்சிருக்கும். அது மேலயும் ஒரு கண்ணு வச்சிருந்தேன்."

"தப்பா எண்ணியிருப்பீங்களோ?"

"நானா?"

அந்த ஒரு சொல்லில் அவர் மனம் புண்பட்டது தெரிந்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"இருங்க, இன்னொரு தடவை எண்ணிடுதேன். நீங்களும் இருங்க. அந்த மூலையில. கையைக் கட்டிக்கிட்டு."

அவள் மூலையில் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

அவர் எண்ண ஆரம்பித்தார். தட்டின் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்குத் தள்ளினார். பத்து. இருபது. முப்பது. இடது கையில் தீக்குச்சி. வலது கையில் அரிசி. கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்திருந்தது.

நூற்று முப்பதில் ஒரு மணி அவருக்குப் பிடிக்கவில்லை. விரலால் உருட்டினார். வெள்ளையாக இருந்தது. பக்கத்தில் இருந்த இரண்டையும் சேர்த்து எடுத்தார்.

அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எண்ணி முடித்தார். கடைசித் தீக்குச்சியை வைத்தார்.

"ரெண்டாயிரத்துத் தொண்ணூத்தெட்டு."

"இன்னும் பத்தொம்பது போயிருக்கு," என்றாள் ஜெபக்கனி மூலையிலிருந்து.

தளவாய் அவளைப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். மூன்று மாதமாக அவள்மேல் வராத சந்தேகம் எல்லாம் ஒன்றாக வந்து அவர் கண்ணில் நின்றது.

"டீச்சர். உண்மையைச் சொல்லுங்க. அவ உங்ககிட்ட வந்தாளா?"

"யாரு?"

"உலகம்மாள்."

"இல்லை."

"அவ மக வந்தாளா?"

"இல்லை."

"அப்ப எதுக்கு இப்படிச் செய்யுதீங்க? என்ன மாயம் இது?"

"நான் இந்த மூலையை விட்டு வரலையே அண்ணாச்சி."

"வரலை. பாத்துக்கிட்டேதான் இருந்தேன்."

"முதல் ரெண்டு தடவை நான் கீழ இருந்தேன்."

"ஆமா."

"கதவு?"

"நான்தான் தாழ் போட்டேன்."

"ஜன்னல்?"

"சாத்தியிருக்கு."

"அப்ப உள்ள யார் இருந்தா?"

"யாருமில்லை," என்றார் தளவாய். "நான் மட்டும்தான்..."

அவருடைய தாடை அசைந்துகொண்டிருந்தது.

நின்றது.

கீழே சைக்கிள் கடையில் யாரோ காற்றடித்தார்கள். பம்ப் ஏறி இறங்கும் சத்தம் மேலே வந்தது.

தளவாய் வலது கையை முகத்துக்கு நேராகக் கொண்டுவந்தார். விரித்துப் பார்த்தார். கட்டைவிரலிலும் அடுத்த இரண்டு விரல்களிலும் அரிசி மாவு படிந்திருந்தது. நாக்கால் கடைவாய்ப் பல்லைத் தடவினார். அங்கே இன்னும் ஒரு துண்டு இருந்தது.

அதை விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை.

"மூடியை எத்தனை தடவை திறப்பேன்," என்றார். கேள்வியாகக் கேட்கவில்லை.

பிறகு, "கார்த்திகையில பத்து நாள்," என்றார்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். தட்டில் இருந்த அரிசியைக் கையால் தட்டிச் சமமாக்கினார். பழக்கத்தில் உள்ளங்கையை அதன்மேல் கொண்டுபோனார். அழுத்தவில்லை. அந்தரத்திலேயே வைத்திருந்து, திருப்பி எடுத்துக்கொண்டார்.

ஜெபக்கனி மேஜை இழுப்பறையைத் திறந்தாள். ஒரு தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். கீழே உட்கார்ந்திருக்கும்போது எழுதியதல்ல. போன வாரமே எழுதி வைத்திருந்தாள்.

அவருடைய கடிதம்தான். தெளிவான இங்கிலீஷில், ஒரு அடித்தல் இல்லாமல் இருந்தது. தளவாய் விரலை வைத்து வாசித்தார். இப்போது அவருக்கு வாசிக்க வந்தது. மாதம் மூன்று கிலோ என்று இருந்தது. அன்னதானச் சாமான் என்று இருந்தது. ரைஸ் என்று இருந்தது, ரைசஸ் என்று இல்லை. எடுத்தவர் பெயர் வரவேண்டிய இடத்தில் மட்டும் ஒரு கோடு போட்டுக் காலியாக விட்டிருந்தாள்.

"இதைக் கிழிச்சிரலாம் அண்ணாச்சி," என்றாள். "யாருக்கும் தெரியாது."

"உங்களுக்குத் தெரியும்."

"நான் சொல்ல மாட்டேன்."

"அதை எப்படி நம்புறது?" என்றார் தளவாய்.

சொன்ன பிறகு அவருக்கே சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் நின்றது.

"உலகம்மாகிட்ட, 'நீ கை வச்சு அழிச்சிருப்பே'ன்னு சொன்னேன்," என்றார். "அடுத்த நாள் அவ வாசல்ல வந்து நின்னு, என்னை அண்ணாச்சின்னு கூப்பிடலை. பாத்திரத்தை மட்டும் நீட்டினா. குத்தமுள்ள நெஞ்சுன்னு நெனச்சேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார். அரைஞாண் கயிற்றில் இருந்த சாவியை அவிழ்த்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

பேனாவுக்காகக் கையை நீட்டினார்.

அவள் தந்தாள்.

தளவாய் கோட்டின் தொடக்கத்தில் பேனா முனையை வைத்தார். கோடு எவ்வளவு நீளம் என்று பார்த்தார்.

"டீச்சர்," என்றார். "என் பேருக்கு இங்கிலீஷ்ல எத்தனை எழுத்து?"